இரண்டு எண்களுக்கு ஒரே பதில்

மேசைக்கு அந்தப் பக்கம் சின்னராசு. இந்தப் பக்கம் நான். நடுவில் இரண்டு செல்போன்கள். யார் முதலில் பொத்தானை அழுத்துவது என்பதில் எங்களுக்குள் கால் மணி நேரமாக இழுபறி.

வெளியே மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்தின் ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையின் ஓரங்களைச் சுருட்டிவிட்டிருந்தது. பெஞ்சுகளில் ஆளில்லை. காலையில் வந்துபோனவர்களின் ஈரக்குடை வாடை மட்டும் பினாயிலோடு கலந்து நின்றது.

நான் முதலில் அழுத்தினால், உள்ளுக்குள் எதையாவது மாற்றிவிட்டு அவர் தலையில் பழியைக் கட்டிவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். அவர் முதலில் அழுத்தினால், ஏதாவது தில்லுமுல்லு செய்துவிட்டு என் மேல் திருப்பிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அது என்ன வழி என்பதற்கு முன்னால், நாங்கள் அந்த மேசைக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஏற்காட்டுக்கே திரும்பியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். வந்த அடுத்த மழைக்காலத்தில் நடந்தது இது.

சந்தேகத்துக்குச் சம்பளம்

பெங்களூரில் பத்தொன்பது வருடம் நான் பார்த்த வேலைக்கு டெஸ்டிங் என்று பெயர். கம்ப்யூட்டருக்காக மற்றவர்கள் எழுதுவதில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுகிற வேலை. எழுதியவர், எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். இருக்காது என்று நினைத்துக்கொண்டு நான் உட்காருவேன். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அதற்கு மாதாமாதம் சம்பளம்.

பிரிவு உபசார விழாவில் ஒரு பையன் மைக்கைப் பிடித்து, எஸ்தர் மேடத்துக்குப் பூச்செண்டு கொடுத்தால்கூட உள்ளே கம்பி இருக்கிறதா என்று பார்ப்பார் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கம்பி இருந்தது என்பது வேறு விஷயம்.

இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது என்பாள் அம்மா. அப்பா காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டால் பாதி வழியில் திரும்பி வந்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒரு ஞாயிறு அப்படி இழுத்ததில் பூட்டு கையோடு வந்துவிட்டது. திறந்து கிடந்த வீட்டுக்கு அம்மா காவலிருந்தாள். அப்பா மட்டும் பூசைக்குப் போனார்.

முதல் வணக்கம்

மலை மேல் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். அதை நடத்தும் டாக்டரம்மா எனக்குப் பள்ளித் தோழி. ஒருநாள் ஒண்டிக்கடை சந்திப்பில் காய் வாங்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம், சளி எல்லாம் எடுத்துச் சேலத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவு வர நான்கைந்து நாளாகும். வந்துவிட்டதா என்று கேட்பதற்காகவே கரடியூரிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள். இன்னும் வரவில்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். ஒரு நாள் வேலை போய்விடுகிறது. போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி செய்து தரமுடியுமா என்று கேட்டாள்.

முடியும் என்றேன். பத்தொன்பது வருடம் அடுத்தவர்கள் சமைத்ததில் உப்பு பார்த்தவள், முதல்முறையாக அடுப்பு மூட்டக் கிளம்பினேன்.

எனக்கு வாசிக்கத் தெரிந்த மொழி ஜாவா. அதிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன். பக்கங்களுக்கு டெம்ப்ளேட் முறை. டெம்ப்ளேட் என்பது ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரிதான். எல்லாம் முன்பே அச்சாகி இருக்கும். நிரப்ப வேண்டிய இடத்தில் மட்டும் கோடு. யாராவது பக்கத்தைக் கேட்டால், நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் தூரத்துக் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், அந்தக் கோடுகளை நிரப்பி முழுப் பக்கமாக அனுப்பிவிடும். போனுக்கு வேலையே இல்லை. பழைய போனிலும் திறக்கும். எங்கள் மலையில் சிக்னல் இருக்கிற லட்சணத்துக்கு அதுதான் சரி.

ஆஸ்பத்திரியின் பதிவு மேசைக் கம்ப்யூட்டரிலேயே வேலையைத் தொடங்கினேன். ஜாவாவை நிறுவி, இணையத்திலிருந்து ஆரம்ப நிரல் ஒன்றை இறக்கி, ஒரு பக்கம் செய்து ஓடவிட்டேன். பக்கம் கிடைக்கவில்லை என்றது. டெம்ப்ளேட்டை வேறு ஃபோல்டரில் வைத்திருந்தேன். சரியான ஃபோல்டருக்கு மாற்றினால் 'வணக்கம்' என்று வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். தமிழ் எழுத்துக்கு ஏற்ற முறையில் கோப்பைச் சேமிக்கவில்லை. அதையும் சரிசெய்த பிறகு, மூன்றாம் நாள் மதியம் திரையில் வணக்கம் வந்தது. நானும் பதிலுக்கு வணக்கம் சொன்னேன்.

பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. அவர்தான் சின்னராசு. வாழவந்திக்காரர், ஐம்பது வயது இருக்கும். சீட்டுப் போடுவது, சேலத்திலிருந்து வரும் முடிவுகளைப் பட்டியலில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. என் பக்கம் அந்தப் பட்டியலிலிருந்துதான் பதிலை எடுக்கும்.

"ஏனுங்க மேடம்," என்றார், "இதுல தப்பா வந்துச்சுன்னா சனங்க யாரு சட்டையப் புடிப்பாங்க? உங்க சட்டையா, எஞ்சட்டையா?"

சர்வரின் சட்டையை என்றேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. இந்த ஆளுக்கு இந்த வேலை நடப்பதில் விருப்பமில்லை என்று அன்றே எனக்குள் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்தில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் திரையில் பழைய சொல். நான் இல்லாதபோது கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் சின்னராசு. மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். சாயங்காலம்தான் தெரிந்தது, சர்வர் பழைய டெம்ப்ளேட்டை நினைவில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருந்தது என்று. அமைப்பில் ஒரு வரியை மாற்றியதும் சரியானது.

சந்தேகப்பட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

கரடியூரிலிருந்து ஒரு படம்

பக்கத்தில் பெயர் போடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஒரு போன் பல கைக்குப் போகும். அதனால் மேலே சீட்டு எண், கீழே ஒரே ஒரு வரி. 'முடிவு இன்னும் வரவில்லை.' அல்லது 'பயப்பட ஒன்றுமில்லை.' அல்லது 'மறுபடி வரவும், வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வரவும்.' மூன்றாவது வரி சளிப் பரிசோதனையில் காசநோய் தெரிந்தவர்களுக்கு.

எல்லா எண்களையும் என் போனில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தப்பான எண், காலி இடம், எண்ணுக்குப் பதில் எழுத்து, எதற்கும் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியல் ஏறும் என்று கூடத்தில் அறிவிப்பு ஒட்டினோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது.

நாலாவது திங்கட்கிழமை காலையில் கரடியூரிலிருந்து மல்லிகா வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கூடவே கணவனும் மாமியாரும். டாக்டரம்மா அவள் கோப்பைப் பார்த்துவிட்டு, உனக்கு ஒன்றுமில்லையே கண்ணு, எதற்கு எல்லாரையும் கூட்டி வந்திருக்கிறாய் என்று கேட்டாள்.

மல்லிகா போனை எடுத்து நீட்டினாள். செவ்வாய்க்கிழமை பார்த்த பக்கத்தைப் படமாகப் பிடித்து வைத்திருந்தாள். மேலே அவளுடைய எண். கீழே, மறுபடி வரவும், வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வரவும்.

கணவன் திருப்பூரிலிருந்து வரும்வரை ஆறு நாள் காத்திருந்திருக்கிறாள். யாரும் ஒதுக்கவில்லை, தானாகவே தனித் தட்டு, தனிச் சொம்பு, காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கும் அறையில் படுக்கை. நாலு வயது மகளைச் சேலத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பஸ்ஸில் ஏற்றும்போதுகூடப் பிள்ளையைத் தூக்கவில்லை என்று மாமியார் சொன்னார்.

ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மல்லிகா தலையாட்டவில்லை. மறுபடி சளி எடுத்துச் சேலத்துக்கு அனுப்பினார்கள்.

நான் எழுதிய கடிதம்

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாள். நான் பட்டியலைத் திறந்தேன். மல்லிகாவின் எண்ணுக்கு நேராக, பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் இருந்தது. பக்கத்தில் அவள் எண்ணைப் போட்டாலும் அதே சரியான பதில்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை தப்பு, இன்று சரி. அப்படியென்றால் நடுவில் யாரோ மாற்றியிருக்க வேண்டும். பட்டியலைக் கடைசியாகத் தொட்ட நேரத்தைப் பார்த்தேன். புதன்கிழமை காலை. தொடக்கூடியவர் ஒரே ஓர் ஆள்.

அன்று ராகுகாலமோ என்னவோ, என் மூளை அவ்வளவு கூர்மையாக வேலை செய்தது. தப்பாக ஏற்றிவிட்டு, மறுநாள் பயந்து திருத்தியிருக்கிறார். முதலிலிருந்தே இந்த வேலை பிடிக்கவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தாலும் செய்திருப்பார்.

அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டாக்டரம்மாவுக்கு ஒரு பக்கத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். படம், நேரம், பட்டியலின் நகல் எல்லாம் இணைத்து, பதிவு செய்தவரின் பிழை என்று முடித்தேன். பத்தொன்பது வருடம் எழுதிப் பழகிய கை. படித்தவர் யாரும் மறுக்க முடியாது.

புதன்கிழமை காலை, கூடத்தில் ஆள் நிறைந்திருந்த நேரத்தில், சின்னராசுவைப் பதிவு மேசையிலிருந்து எழுப்பி மருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். தன் கண்ணாடிக் கூட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார் என்று நர்ஸ் சொன்னாள். நான் அங்கே இல்லை. இருக்கக்கூடாது என்றுதான் அன்று போகவில்லை.

மூணு சொன்னதும்

வியாழக்கிழமை சாயங்காலம் அவரே எனக்குப் போன் செய்து வரச்சொன்னார். அப்படித்தான் மேசையின் இரண்டு பக்கமும் நாங்கள் நின்றோம்.

போன வாரப் புதன்கிழமை ஓர் ஆளின் ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்தினேன், வேறெதையும் தொடவில்லை என்றார். நான் நம்பவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்கும். உங்கள் பக்கம் பொய் சொல்கிறது, என் கண் முன்னால் காட்டுங்கள் என்றார். முதலில் அழுத்துவது யார் என்ற இழுபறி அங்கேதான் தொடங்கியது.

"உங்கள நான் நம்பலீங்க. என்னைய நீங்க நம்பறதில்ல," என்றார். "ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்குவமுங்க. மூணு சொல்றேன்."

நான் மல்லிகாவின் எண்ணைப் போட்டேன். அவர், முடிவு வராத தன் மனைவியின் சீட்டு எண்ணைப் போட்டார். ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணி மூன்று சொன்னார். அழுத்தினோம். பட்டியலைப் படித்து வர சர்வருக்கு இரண்டு விநாடி ஆனது.

என் போனில் மேலே மல்லிகாவின் எண். கீழே, முடிவு இன்னும் வரவில்லை. அவர் போனிலும் அதே வரி.

இன்னொரு தடவை என்றேன். இந்த முறை இரண்டிலும், பயப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை இரண்டும் சரியாக வந்தன. நாலாம் தடவை மறுபடி ஒன்று போலவே வந்தன.

நாலாம் தடவை தேவையே இல்லை. முதல் தடவையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜாவாவில் நான் எழுதியிருந்த பகுதியை, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வந்தாலும் குமாஸ்தா ஒருவர்தான். நான் அவர் கையில் ஒரே ஒரு சிலேட்டைக் கொடுத்திருந்தேன். ஒருவருக்கான பதிலை எழுதி, அதை வாசிப்பதற்குள் இன்னொருவர் வந்துவிட்டால், அழித்து அவருடையதை எழுதுவார். பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றையே வாசிப்பார். வருகிற ஒவ்வொருவருக்கும் தனிச் சிலேட்டு கொடுத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வரியை நாலு வரி கீழே இறக்கி எழுதியிருந்தால் போதும்.

செவ்வாய் நாலு மணிக்கு மலை முழுக்க ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறந்தது. நான் சோதித்ததோ தனியாக, ஒரே போனில். வேறு யாராவது இதை எழுதியிருந்தால் முதல் நாளே பத்துப் போன்களைக் கொண்டுவந்து ஒன்றாகத் திறந்திருப்பேன். எழுதியது நானாகிப் போனதால் தோன்றவே இல்லை.

தப்பு என்னுடையது என்று சொன்னேன். சின்னராசு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நான் ஏத்துனது சரிங்களா?"

சரி என்றேன். ஒரு எழுத்தும் தப்பில்லையா என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். சட்டென்று நிமிர்ந்தார்.

"அந்த வரி நெசமா யாருக்குங்க வந்திருக்கோணும்?"

எனக்கு அது தோன்றவில்லை. என் தப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மல்லிகாவுக்குப் போன வரிக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அடுத்து வந்தவருக்காகச் சிலேட்டு மறுபடி அழிந்திருந்தால், அவர் என்ன படித்தார்?

எருமை நின்ற வளைவு

பட்டியலில் தேடினோம். அந்த வாரம் மூன்றாவது வரி ஒரே ஓர் ஆளுக்குத்தான். வாழவந்தியில் பெரியண்ணன் என்ற விவசாயி. சின்னராசுவுக்குத் தெரிந்தவர். போன் எடுக்கவில்லை. பக்கத்தை உடனே நிறுத்தினேன். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, சின்னராசுவின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பாதி வழியில் ஒரு வளைவில், காப்பித் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த காட்டெருமை ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சின்னராசு வண்டியை அணைத்தார். சத்தம் காட்டாமல் நின்றோம். சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் முதுகைப் பார்த்து மெதுவாக, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் திரும்பவில்லை. "சந்தேகப்பட்டதுக்கு ஒண்ணும் சொல்லலீங்க. நானுந்தான் உங்களச் சந்தேகப்பட்டேன். ஆனா நான் யாருக்கும் கடுதாசி எழுதலீங்க."

இன்னொரு கடிதம் எழுதுகிறேன் என்றேன்.

"கடுதாசி டாக்டரம்மாவுக்குப் போகும். நான் எந்திரிச்சுப் போனத அத்தன சனமும் பாத்துதுங்க. செவ்வாக்கெழம கூட்டமிருக்கும். அன்னைக்கிச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். எருமை இன்னும் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, ஓரமாக ஏறிப் போனது.

பெரியண்ணன் வீட்டு வாசலில் மிளகுக்கொடிக்குத் தாங்கு கட்டிக்கொண்டிருந்தார். பேரன் தோளில் இருந்தான். இருமிக்கொண்டேதான் எங்களை உட்காரச் சொன்னார். போன வாரம் செவ்வாய்க்கிழமை, பயப்பட ஒன்றுமில்லை என்று வந்ததாம். சாதாரணச் சளிதான் என்று விட்டுவிட்டாராம்.

நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு என்னை விட்டுவிட்டுச் சின்னராசுவிடம் திரும்பினார்.

"செல்லுல நல்லாருக்குன்னு வந்துது. இந்தம்மா இல்லீங்கறாங்க. நீ என்னப்பா சொல்ற?"

"வாங்கண்ணா, போலாம்," என்றார் சின்னராசு. "சேலத்துத் தாள நானே பாத்தேன்."

அவ்வளவுதான். பேரனை இறக்கிவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாளே மருந்து தொடங்கியது. வீட்டில் எல்லாருக்கும் பரிசோதனை செய்தார்கள், மற்றவர்களுக்கு நோய் இல்லை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். இந்தத் தாமதத்தால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று டாக்டரம்மா என்னைத் தேற்றினாள். அந்த ஒன்பது நாளும் பேரன் அவர் தோளில் இருந்ததைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

கூடத்தில்

செவ்வாய்க்கிழமை காலை கூடம் நிரம்பியிருந்தது. சின்னராசு பதிவு மேசைக்குத் திரும்பியிருந்தார். மேசைக்கு முன்னால் நின்று, பக்கத்தில் வந்த தப்புக்கு நான்தான் காரணம், சின்னராசு ஏற்றியதில் ஒரு பிழையும் இல்லை, விசாரிக்காமல் அவர் மேல் பழி போட்டதும் நான்தான் என்று சொன்னேன்.

ஒரு குழந்தை அழுதது. பிறகு பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்ப இதுக்கு முன்னாடி எங்களுக்கு வந்ததெல்லாங்க?" என்றாள்.

சரியாக இருக்கும் என்று சொல்லப் போனவள், அதை விட்டேன். எல்லாவற்றையும் தாளோடு ஒத்துப் பார்த்துச் சொல்கிறோம் என்றேன். அன்று முழுக்க நானும் சின்னராசுவும் அதைத்தான் செய்தோம். அவர் தாளை வாசிப்பார். நான் டிக் போடுவேன். பிறகு தாளை நான் வாங்கி வாசிப்பேன். அவர் டிக் போடுவார்.

மதியம் மல்லிகா வந்தாள். இந்த முறை தனியாக. அவளுடைய இரண்டாவது முடிவு வந்திருந்தது. முதலில் வந்தது போலவே, நோய் இல்லை. நடந்ததை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சரிங்க என்றாள். குரலில் கோபமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

தாளைச் சின்னராசுவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். வாங்கி என்னிடம் நீட்டினாள். நானும் வாசித்தேன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தியிடம் போனாள். முன்பின் தெரியாதவள்.

"கண்ணு, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு. இவிங்க சொன்னதச் சொல்லாத. போட்டிருக்கறதச் சொல்லு."

அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். மல்லிகா தாளை வாங்கி நாலாக மடித்தாள். கூடத்தை விட்டு வெளியே போய், தாழ்வாரத்தில் நின்றுகொண்டு சேலத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"புள்ளயக் கூட்டிக்கிட்டு வா," என்றாள்.